பொத்தான் வழிகாட்டியின் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பழைய லயங்களிலும் தானாக இயங்கும் காட்சி அறைகளை அமைத்து, உல்லாசப் பயணிகளையும் பாடசாலை மாணவரையும் வழிகாட்டியுடன் அழைத்துச் செல்லலாம் என்ற யோசனையைத் தங்கள் பத்திரிகையில் வாசித்தேன். இது மலையகத்துக்கு முற்றிலும் புதியதல்ல. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை தேயிலை அருங்காட்சியகமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது; கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தொழிலாளரின் லயமே அருங்காட்சியகமாக நிற்கிறது. யோசனையை நான் வரவேற்கிறேன். ஆனால் இத்தகைய அறைகளைத் திட்டமிடுவோர் புரொஜெக்டருக்கும் தொடுதிரைக்கும் விலை கேட்பதில்தான் தொடங்குகிறார்கள். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதற்கு முன்னரே தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாகக் கருதுகிறேன்: காட்சியைத் தொடங்கவும் நிறுத்தவும் அதிகாரம் யாரிடம் இருக்கப் போகிறது?

பெரும்பாலும் வாசலில் ஓர் அகச்சிவப்பு உணரியைப் பொருத்தி, ஆள் நுழைந்ததும் விளக்கும் குரலும் தாமாகத் தொடங்கும்படி விட்டுவிடுகிறார்கள். உடல் வெப்பம் அசைவதை அந்த உணரி அறியுமே தவிர, எத்தனை பேர் வந்தார்கள், எல்லோரும் வந்துவிட்டார்களா என்பது அதற்குத் தெரியாது. தனியாக வந்து பார்ப்பவருக்கு அது போதும். இருபது பேர் கொண்ட குழுவிலோ, முதலாமவர் காலடி வைத்ததுமே கதை ஆரம்பித்துவிடும். கடைசி ஆள் சப்பாத்துச் சேற்றைத் துடைத்துவிட்டு உள்ளே வரும்போது பாதி முடிந்திருக்கும். அண்மையில் நான் சென்ற ஒரு காட்சிக்கூடத்தில், வழிகாட்டியாக இருந்த தோட்டத்துப் பிள்ளை தன் பாட்டி கொழுந்தெடுத்த மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் சுவரிலிருந்து ஆங்கிலக் குரல் ஒன்று குறுக்கிட்டது. இரண்டொரு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள், பிறகு பேச்சையே விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள். அவள் சொல்ல வந்தது அந்தக் குரல் சொன்னதைவிட நன்றாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே தொடங்கு, நிறுத்து, மறுபடி, அடுத்தது என்ற நான்கு பொத்தான்கள் கொண்ட சிறு கைக்கருவி வழிகாட்டியிடம் இருக்கவேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மொழியைத் தெரிவு செய்ய ஒரு திருகியும் அதில் வேண்டும். ஒவ்வொரு பகுதியும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளக்கூடாது. முடிந்ததும் அறை தானாக அடுத்த பகுதிக்குத் தாவாமல், விளக்கைப் பாதி வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு வழிகாட்டிக்காகக் காத்திருக்கவேண்டும். உணரிக்கும் வேலை இருக்கிறது: எல்லோரும் வெளியேறிச் சிறிது நேரம் அசைவில்லை என்றால், விளக்கை அணைத்துக் காட்சியை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது. அதற்கு மேல் அதனிடம் ஒப்படைக்க வேண்டாம்.

பார்வையாளர் கையால் செய்து பார்க்கும் காட்சிகளில், என் தெரிவு, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்துத் தராசுதான். ஒரு பலகையின் அடியில் சுமை உணரியைப் பொருத்தினால் போதும். பாரத்துக்கேற்ப மிக மெல்ல வளையும் உலோகத் துண்டின்மேல் ஒட்டிய இழையின் மின்தடை மாறுவதை அளக்கும் இந்தப் பொருள், இன்று கடைத் தராசுகளிலெல்லாம் இருக்கிறது. பார்வையாளர் கூடையை முதுகில் ஏற்றி, கயிற்றைத் தலையில் மாட்டி, சில அடி நடந்து வந்து பலகையில் இறக்கட்டும். எண்பலகையில் நிறை தோன்றும். அதிலிருந்து எவ்வளவு தேயிலைத் தூள் கிடைக்கும் என்பது அடுத்துத் தோன்றும். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று அறியும்போது பலர் வியப்பார்கள். ஆனால் காட்சியை அங்கே முடித்துவிடக்கூடாது. வழிகாட்டி மீண்டும் பொத்தானை அழுத்தியதும், சாக்கின் பாரத்துக்கு, இலையின் ஈரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று எண் ஒவ்வொன்றாகக் குறையவேண்டும். மிஞ்சியது தோட்டம் குறித்த அளவை எட்டாவிட்டால் ‘அரைப் பேர்’, அதாவது அரை நாள் சம்பளம், என்று எழுத்து எரியவேண்டும். மடுவத்தில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கழிவுக் கணக்கு தெரியும். வெளியூராருக்கு அதைப் பேச்சால் விளக்குவது கடினம், தராசு அரை நிமிடத்தில் விளக்கிவிடும்.

லயத்தில் ஒரு குடும்பம் வாழும் அறையான காம்பிராவைக் காட்டுவதானால் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அதன் அளவை மாற்றக்கூடாது. பயணிகள் வசதியாக நிற்கட்டும் என்று இடைச்சுவரை உடைத்துவிட்டால் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. குழுவைப் பிரித்து உள்ளே விடுவதற்கும் பொத்தான் வழிகாட்டியிடம் இருப்பதே உதவும். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்ப் பக்கம் கரையிறங்கிய தொழிலாளர்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த பாதையைத் தரையில் விளக்குகளால் வரையலாம். நடுவில் சில விளக்குகள் எரியாமலே இருக்கட்டும், வழியில் மாண்டவர்களைப் பற்றி வழிகாட்டி அங்கே நின்று சொல்வார். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்ததற்குத் திரை எதுவும் தேவையில்லை, சுவரில் எழுதினால் போதும்.

குரல் பதிவில் ஒரு முறைமையை வலியுறுத்த விரும்புகிறேன். கொழும்பிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆங்கிலத்தில் எழுதி வாசித்து, பிறகு தமிழாக்குவது வழக்கமாகிவிட்டது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்த பிரட்டுக்களத்தையும், குழந்தைகளை விட்டுச் சென்ற பிள்ளைக்காம்பிராவையும் நேரில் கண்ட முதியோரை, அவர்களின் சம்மதத்துடன், அவர்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பிலேயே பேசவைத்துப் பதிவு செய்து, மற்ற மொழிகளை அதற்குப் பின் சேர்க்கவேண்டும். இயந்திரம் எப்போதும் வாங்கலாம். அந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

இனி, மலைநாட்டின் ஈரம். மூடுபனி உள்ளே வரும் கட்டடத்தில் சுவிட்ச் முனைகளும் இணைப்புகளும் பச்சை பூத்துப்போவதை நான் அளவின்றிப் பார்த்திருக்கிறேன். கட்டுப்பாட்டுப் பெட்டி ஈரம் புகாத இறப்பர் விளிம்புடன், தரையிலிருந்து உயரத்தில் இருக்கவேண்டும். பார்வையாளர் தொடும் பகுதிகளில் 12 வோல்ட்டுக்கு மேல் செல்லவே கூடாது; 230 வோல்ட் மின்சாரம் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடவேண்டும். இடி மின்னல் மாதங்களில் மின்சாரம் போய்ப் போய் வரும். சிறு கணினியை வைத்து இயக்கினால், சட்டென்று மின்சாரம் நிற்கும்போது அதன் நினைவட்டை பழுதாகக்கூடும். ஆகவே அது ஒழுங்காகத் தன்னை மூடிக்கொள்ளும் அளவுக்காவது பெட்டரி ஒன்று வேண்டும். மின்சாரம் திரும்பியதும் யாரும் தொடாமலே ஆரம்ப நிலைக்கு வந்து நிற்கவும், இருளில் வாசலைக் காட்டும் விளக்கு தனியாக எரியவும் ஏற்பாடு இருக்கவேண்டும். முழுதும் நின்றுபோனால் வழிகாட்டி கைவிளக்குடன் கதையைத் தொடர்வார், கவலையில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைக் கோரிக்கை. இவற்றை அமைக்கும் ஒப்பந்தத்தில், மின்சுற்று வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவு உட்புறத்தில் ஒட்டவேண்டும் என்றும், உள்ளூர்க் கடையில் கிடைக்காத உதிரிப்பாகம் எதையும் பொருத்தக்கூடாது என்றும் இரண்டு நிபந்தனைகள் சேர்க்கப்படட்டும். பேராதனைப் பொறியியல் பீட மாணவர்கள் வடிவமைப்பில் உதவலாம். பழுது பார்க்கப் போவது தோட்டத்து மின்வேலையாள்தான். கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை பூட்டிக் கிடக்கும் அறைக்கு வழிகாட்டியும் தேவைப்படமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வேலையாளர் ஒருவர்,
ஹட்டன்.