"முதல்ல நாங்க, அப்புறம் நீங்க"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கே, லெஸ்பியன் அமைப்புகள்ல பொறுப்புல இருக்கிறவங்களுக்கு வணக்கம்.

ட்ரான்ஸ் (திருநங்கை, திருநம்பி) ஆளுங்க பிரச்சனை வேற நம்ம பிரச்சனை வேற, அவங்கள சேர்த்துக்கிட்டா நமக்கு வரவேண்டியதும் வராம போயிடும்னு உங்கள்ல சிலர் இப்ப வெளிப்படையாவே பேசுறீங்க. நியூயார்க்ல 50 வருஷம் முன்னாடியே இதே கணக்கு போட்டாங்க, அது யார் தலையில விடிஞ்சுதுன்னு கொஞ்சம் பாருங்க.

1969ல நியூயார்க்ல ஸ்டோன்வால்ங்கிற கே பார்ல போலீஸ் ரெய்டு வந்தப்ப ஜனங்க எதிர்த்து நின்ன கலவரம் நடந்து ஒரு வருஷம் கூட ஆகல, 1970ல 42வது தெருவுல நின்னு கே உரிமை மனுவுக்கு கையெழுத்து வாங்கிட்டு இருந்த ட்ரான்ஸ் போராளி சில்வியா ரிவேராவ போலீஸ் பிடிச்சிட்டு போச்சு. அதே வருஷம் அவங்களும் அவங்க தோழி மார்ஷா பி. ஜான்சனும் சேர்ந்து ஸ்டார்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, வீட்ட விட்டு துரத்தின பசங்களுக்கு தங்க இடம் பிடிச்சாங்க, வாடகைக் காசு எங்கிருந்துன்னா இவங்க ரெண்டு பேரும் ராத்திரி தெருவுல தொழில் பண்ணி சம்பாதிச்சது, அந்தப் பசங்க அதுக்குப் போயிடக் கூடாதுன்னு.

1973 ஜூன், நியூயார்க் வாஷிங்டன் ஸ்கொயர் பார்க்ல நடந்த கே உரிமைக் கூட்டத்துல சில்வியாவ பேசவே விடல, முட்டி மோதித்தான் மேடை ஏறினாங்க. கீழ இருந்து ஒரே ஊளை. ஜெயில்ல கிடக்கிற நம்ம ஆளுங்க வாராவாரம் எனக்கு கடிதம் போடுறாங்க, நீங்க என்ன செஞ்சீங்கன்னு தொண்டை கிழிய கேட்டாங்க. வீடியோ இன்னும் இருக்கு, தயவுசெஞ்சு ஒரு தடவ பாருங்க. அதோட பல வருஷம் இயக்கத்த விட்டே ஒதுங்கிட்டாங்க.

1965ல வெள்ளை மாளிகை முன்னாடி மறியல் பண்ணினப்ப கே உரிமைத் தலைவர் ஃபிராங்க் கேமனி, மத்தவங்க கண்ணுக்கு மரியாதையா தெரியணும்னு கோட்டு டை போட்டு வரச் சொன்னதுல எனக்கு கோபம் இல்ல, அவரே அரசாங்க வேலையில இருந்து துரத்தப்பட்டவர், அன்னைக்கு அந்த பயம் நியாயமானது. ஆனா 1973ல சில்வியாவ பார்த்து ஊளை விட்டது அந்த பயம் இல்லயே, கூட நின்னு அடி வாங்கினவங்கள பார்த்து வந்த வெட்கம்.

கே ஆளுங்கள வேலையிலயும் வீட்டுலயும் ஒதுக்கக் கூடாதுங்கிற நியூயார்க் நகரச் சட்டம் 1986ல தான் வந்துச்சு, அதுல ட்ரான்ஸ் இல்ல. 2002 பிப்ரவரியில சாகக் கிடந்தப்பக் கூட சில்வியா ஆஸ்பத்திரி படுக்கையில இருந்தே அதே மாதிரி வரப்போற மாநிலச் சட்டத்துல எங்களயும் சேருங்கன்னு கே அமைப்புத் தலைவர்கள்ட்ட வாதாடினாங்க. டிசம்பர்ல சட்டம் வந்துச்சு, சேர்க்கல. ட்ரான்ஸ் மக்களுக்கான மாநிலச் சட்டம் 2019ல வந்துச்சு, 16 வருஷம் கழிச்சு. 2007ல வாஷிங்டன்லயும் வேலை பாதுகாப்பு மசோதாவுல இருந்து ட்ரான்ஸ தூக்கினாங்க, அப்படி தூக்கியும் அது சட்டமாகவே இல்ல, அப்புறம் என்ன லாபம்?

அதனால கேக்குறேன், அடுத்த தடவ எந்த மசோதா பத்தி பேசப் போனாலும் ட்ரான்ஸ் ஆளுங்கள கூட்டிட்டு போங்க. முடியாது, அவங்களுக்கு அப்புறம் தான்னா, எந்த வருஷம்னு எழுதிக் கையெழுத்து போட்டு அவங்க கையில குடுங்க.