சோதனை தோற்றால் நிரலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்டெல் மடிக்கணினியில் தேறிய கொம்பைலர் (நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) சோதனை, ஆர்ம் வகைச் செயலி கொண்ட சிறு கணினிப் பலகையான ராஸ்பெரி பையில் தோற்றால், கொம்பைலரைத் திட்டமுன் சோதனை நிரலைப் பாருங்கள். சி மொழியில் சார் (char, ஓர் எழுத்தை வைக்கும் சிறு எண்) வகை மாறியில் -1 ஐ இட்டு, 0 ஐ விடச் சிறியதா என்று கேட்டால் எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) லினக்ஸ் ஆம் என்னும். ஆர்ம் லினக்ஸில் சார் குறியற்றது, அதாவது எதிர் எண்ணை வைக்காது; பெறுமானம் 255 ஆகிவிடும். ‘சைன்ட் சார்’ (signed char, குறியுள்ள சார்) என்று வெளிப்படையாக எழுதினால் தீர்ந்தது.

லோங் டபிள் (long double, தசம எண்களுக்கான வகை) அடுத்த வில்லங்கம்: அதன் துல்லிய வடிவம் எக்ஸ்86 லினக்ஸில் 80 பிற்; 64-பிற் ஆர்ம் லினக்ஸிலோ 128 பிற். கடைசி இலக்கம்வரை ஒப்பிட்டால் தோற்காமல் என்ன செய்யும்?

‘இந்தச் செயலியில் தோற்கும்’ என்று குறித்துவிட்டு நகர்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

யாழ்ப்பாணத்தில் வகுப்பு நடத்துவோர் பலகை வாங்கவும் தேவையில்லை. வேறு செயலியைப்போல நடிக்கும் மென்பொருளான கியூஈமு (QEMU) இருந்தால் மடிக்கணினியிலேயே ஆர்ம் நிரலை ஓட்டிக் காட்டலாம்.

வாசகர்,
நல்லூர்.