ஆறாவது கோர்ட்டும் கண்ணில் படட்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த வரைபடமும் கிடைத்தன. உங்கள் கல்லூரியின் டென்னிஸ் வளாகக் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த மாதிரிக் குழுவில் மட்டை பிடித்து ஆடியவர் ஒருவராவது இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இருந்தாலும் சிங்கிள்ஸை விட்டுவிட்டேன், காலையில் டபுள்ஸ் மட்டும்தான். உன் மணிக்கட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? மட்டையின் நரம்பு இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார், வலி தணியும்.

மகள் கல்லூரி அணிக்குத் தேர்வாகிவிட்டாள். அணி வரிசையில் ஆறாவது இடம். போன மாதம் வேறொரு கல்லூரியில் போய் ஆடிவிட்டு வந்தாள். அங்கே முதல் கோர்ட்டுக்குக் கேலரி, ஸ்கோர் பலகை எல்லாம் உண்டாம். இவள் ஆடிய ஆறாவது கோர்ட் கட்டடத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது. மூன்றாவது செட் வரை போராடி ஜெயித்தாள், பார்க்க ஒருவரும் இல்லை. "நான் ஜெயித்தது அணியில் யாருக்குமே தெரியவில்லை அப்பா, நானே போய்ச் சொன்னேன்" என்றாள். உன் வரைபடத்தை விரித்தபோது அந்தப் பேச்சுதான் மனதில் ஓடியது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: நடுவில் பெரிய கேலரியோடு ஒரு சென்டர் கோர்ட், மீதி ஐந்தும் மூலைக்கு ஒன்று என்ற இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தொழில்முறைப் போட்டிக்கு அது சரி. அங்கே கூட்டம் இரண்டு பேரைப் பார்க்க வருகிறது. கல்லூரி டென்னிஸ் அணி ஆட்டம். அமெரிக்கக் கல்லூரிகளின் முறையைப் பார். முதலில் மூன்று டபுள்ஸ் ஆட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரே செட். மூன்றில் இரண்டை ஜெயிக்கும் அணிக்கு ஒரு புள்ளி. அப்புறம் ஆறு சிங்கிள்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஆக மொத்தம் ஏழு, நான்கை முதலில் தொடும் அணிக்கு வெற்றி. ஆறு கோர்ட் இருந்தால் ஆறு சிங்கிள்ஸும் ஒரே நேரத்தில் நடக்கும். முதல் நிலை ஆட்டக்காரர் எடுக்கும் புள்ளிக்கும் ஆறாம் நிலை ஆட்டக்காரர் எடுக்கும் புள்ளிக்கும் மதிப்பு ஒன்றுதான். மூன்றுக்கு மூன்று என்று நிற்கும்போது முடியாமல் இருக்கும் ஒரே ஆட்டம் ஆறாவது கோர்ட்டில் இருந்தால், மொத்தக் கூட்டமும் அங்கேதான் திரும்பும். அந்தக் கோர்ட்டைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தால் ஆட்டத்தின் உயிரே போய்விடும்.

எனவே ஆறையும் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில், முதுகோடு முதுகாக வைக்கச் சொல். இரண்டு வரிசைக்கும் நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய அகலமான நடைமேடை, இரு பக்கமும் இருக்கைப் படிகள். அங்கே உட்கார்ந்தவர் இந்தப் பக்கம் மூன்று, திரும்பினால் அந்தப் பக்கம் மூன்று என்று ஆறையும் பார்க்கலாம். பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் கடைக்கோட்டுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதால் பந்து எங்கே திரும்புகிறது, எதிராளியை ஓரத்துக்கு இழுத்து யார் காலியிடம் உண்டாக்குகிறார்கள் என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். ஒரே வரிசையில் உள்ள கோர்ட்டுகளுக்கு நடுவே உயரமான கம்பிவேலி வேண்டாம், பந்து உருளாமல் தடுக்கும் இடுப்பளவுத் தடுப்பு போதும். பயிற்சியாளர் ஆட்டத்துக்கு நடுவே ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் நடந்துபோய்ப் பேசுவது கல்லூரி ஆட்டத்தில் உண்டு. அவருக்கு வழி வேண்டும். ஸ்கோர் பலகை ஆறு கோர்ட்டுக்கும் ஒரே அளவில் இருக்கட்டும்.

கூட்டம் வராது என்று உங்கள் குழுவில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைப் பற்றி அவருக்குச் சொல். டான் மேகில் 1955 முதல் 1988 வரை அங்கே ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர். ஆட்டம் பார்க்கக் கூட்டம் சேர்ப்பதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டவர். 1972-லும், பிறகு 1977 தொடங்கி 1989 வரை தொடர்ச்சியாகவும், தேசியக் கல்லூரிப் போட்டி அங்கேதான் நடந்தது. இன்று அந்த வளாகத்துக்கே அவர் பெயர். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தின் டென்னிஸ் மையம் இன்னொரு வகை. 1984 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்டது. டென்னிஸ் அந்த முறை பதக்கக் கணக்கில் சேராத காட்சிப் போட்டியாகத்தான் இருந்தது. ஸ்டெஃபான் எட்பெர்கும் ஸ்டெஃபி கிராஃபும் ஜெயித்தார்கள். ஒலிம்பிக் முடிந்த பின் கல்லூரிப் பிள்ளைகள் அதில் ஆடுகிறார்கள். அப்படி ஒரு வாய்ப்பு எல்லாருக்கும் அமையாது. கூட்டம் சேர்க்கும் பொறுப்பை ஒருவர் முழுமனதாக ஏற்பது எங்கேயும் நடக்கக்கூடியதுதான்.

அடுத்தது திசை. கேலரிக்கு இடம் ஒதுக்குவதற்காக இரண்டு கோர்ட்டைக் கிழக்கு மேற்காகத் திருப்பியிருக்கிறார்கள். இதை எப்படியாவது மாற்று. நீளவாட்டம் வடக்கு தெற்காக இருந்தால்தான் காலை வெயிலும் மாலை வெயிலும் பக்கவாட்டில் விழும். இல்லையென்றால் சர்வ் போடப் பந்தை மேலே எறிகிறவனுக்குச் சூரியன்தான் தெரியும். கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் வகுப்பு முடிந்த பிறகு, சாயங்காலம். யோசித்துப் பார்.

இடத்தையும் கஞ்சமாக அளந்திருக்கிறார்கள். கோடு போட்ட கோர்ட் 78 அடி நீளம், டபுள்ஸுக்கு 36 அடி அகலம். ஆனால் ஆட்டக்காரன் கோட்டுக்குள்ளேயே நிற்பதில்லை. பேஸ்லைனுக்குப் பின்னால் 21 அடி, பக்கவாட்டில் 12 அடி இருந்தால்தான் ஓடிப்போய்ப் பந்தை எடுக்க முடியும். அதாவது ஒரு கோர்ட்டுக்கு 120 அடிக்கு 60 அடி. சக்கர நாற்காலி டென்னிஸுக்கு இது இன்னும் முக்கியம். அதை ஆடுகிறவர்கள் பந்து இரண்டு முறை தரையில் எழும்பும் வரை, அதாவது இரண்டு பவுன்ஸ் வரை எடுக்கலாம், இரண்டாவது பவுன்ஸ் கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் தப்பில்லை. பின்னால் இடம் இல்லையென்றால் அந்த விதி இருந்து என்ன பயன்? வாசலைப் படி இல்லாமல் அகலமாக வைக்கச் சொல்.

இனி மண்ணுக்குப் போவோம். உன் குழுவில் பேச்சு முழுக்க மேல் நிறத்தைப் பற்றியே நடந்திருக்கிறது. நீலமோ பச்சையோ, கோர்ட்டுக்குள் ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு நிறம் இருந்தால் கோடும் பந்தும் நன்றாகத் தெரியும். யு.எஸ். ஓப்பன் 2005-ல் உள்ளே நீலம், வெளியே பச்சை என்று மாறியது மஞ்சள் பந்து பளிச்சென்று தெரிவதற்காகத்தான். அதை ஒரு கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம். பணமும் நேரமும் போக வேண்டியது அடித்தளத்துக்கு. மண்ணைச் சோதிக்காமல், திமிசு போட்டுக் கெட்டிக்காமல், வடிகால் போடாமல் மேலே எவ்வளவு விலையுயர்ந்த அக்ரிலிக் வண்ணப்பூச்சு பூசினாலும் சில மழைக்காலத்தில் வெடிப்பு விடும். வசதி இருந்தால், வார்த்த பிறகு எஃகு வடங்களை இழுத்து இறுக்கும் கான்கிரீட் தளத்தைக் கேட்டுப் பார். தளம் முழுவதையும் அந்த வடங்கள் நெருக்கிப் பிடிப்பதால் வெடிப்பு குறையும். தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் கட்டாயம், இல்லையென்றால் கீழிருந்து ஏறும் ஓதம் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். கான்கிரீட் போட்டு 28 நாளாவது ஆகாமல் பூச்சைத் தொட விடாதே. திறப்பு விழாத் தேதியை முன்னாலேயே குறித்துவிட்டு அவசரப்படுத்துவார்கள், அந்த இடத்தில் நீ பிடிவாதமாக நின்றே ஆக வேண்டும்.

தண்ணீர் வடியத் தளத்தின் வாட்டம் பத்தடிக்கு ஓர் அங்குலம், ஒரே பக்கமாக. வலையிலிருந்து இரண்டு பக்கமும் சரிவு வைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் கோர்ட் முழுக்கத் தண்ணீர் விட்டு, வெயிலில் ஒரு மணி நேரம் காயவிடச் சொல். அதன் பிறகும் ஒரு நாணயம் மூழ்கும் அளவுக்கு எங்காவது தண்ணீர் நின்றால் அந்த இடத்தைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பூச்சில் கலக்கும் மணல்தான் கோர்ட்டின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு வேகத்தை ஐந்து வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுத்தர வேகம் நல்லது என்பது என் கருத்து, சர்வ் மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது, பந்தை மாறி மாறி அடித்து நீண்ட ராலி ஆடக் கற்றுக்கொள்வார்கள். ஆட ஆட மணலின் சொரசொரப்பு தேய்ந்து கோர்ட் வேகமாகும். அதனால் மறுபூச்சு அடிக்கும்போது ஆறுக்கும் சேர்த்தே அடிக்க வேண்டும். முதல் கோர்ட்டுக்கு மட்டும் அடித்தால் ஒரே அணி இரண்டு விதமான தரையில் பழகும்.

விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். கம்பங்கள் பக்கவாட்டில் வரட்டும், பேஸ்லைனுக்குப் பின்னால் வேண்டாம், லாப், அதாவது உயரத் தூக்கி அடித்த பந்து வரும்போது கண் கூசும். ஐரோப்பியத் தரநிலையில், தரையில் விழும் வெளிச்சம் உயர்நிலைப் போட்டிக்கு 500 லக்ஸ், அடுத்த நிலைக்கு 300, பயிற்சிக்கு 200. நிழல் திட்டு இல்லாமல் சீராக விழுவதையும் அளந்து பார்க்கச் சொல். கூரை போட்ட கோர்ட் பின்னால் வரலாம் என்றால் வலைக்கு மேலே 30 அடி உயரமாவது விட வேண்டும்.

உடைமாற்றும் அறை பெண்கள் அணிக்குச் சின்னதாக இருப்பதைக் கவனித்தாயா? அமெரிக்காவில் 1972-ல் வந்த சட்டம், கல்விக்கூடங்கள் விளையாட்டு வசதியிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று ஆக்கியது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு அணிக்கும் ஒரே அளவு அறை கொடுப்பதுதான் நியாயம்.

கடைசியாகப் பராமரிப்பு. அக்ரிலிக் பூச்சு நான்கிலிருந்து எட்டு ஆண்டுக்குள் மறுபடி அடிக்க வேண்டிவரும். கட்டும்போதே அதற்கென்று தனி நிதி ஒதுக்கவில்லை என்றால் பிறகு யாரும் தரமாட்டார்கள். கேலரியைக் கொஞ்சம் குறைத்தால் அந்தத் தொகை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

மண் பரிசோதனை அறிக்கை வந்ததும் ஒரு நகல் அனுப்பு. குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன் படித்துவிட்டு எழுதுகிறேன். தண்ணீர் விட்டுப் பார்க்கும் நாளை முன்கூட்டியே சொல், நானும் வருகிறேன். மகளையும் கூட்டி வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய டபுள்ஸ் கூட்டாளி