எந்தக் கார் என்று கேட்காதீர்கள், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததிலிருந்து, ‘ரேஸ் ஓட்டக் கற்றுக்கொள்ள எங்கே போவது?’ என்ற கேள்வி டீக்கடை வரை வந்துவிட்டது. நல்ல கேள்விதான். ஆனால் பத்திரிகைகளில் வரும் பதில்கள் கட்டணத்தோடும் கார் படத்தோடும் நின்றுவிடுகின்றன. முதன்முறை டிராக்கில் இறங்கப்போகிறவர் பணம் கட்டுவதற்கு முன் விசாரிக்க வேண்டியது வேறு.

ஒருநாள் பயிற்சி விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது ஃபார்முலா கார். அதன் ஒற்றை இருக்கைதான் ஆசையைக் கிளப்புகிறது, சிக்கலும் அதில்தான். கற்றுக்கொடுப்பவர் உட்கார அதில் இடமில்லை. பிரேக்கை எங்கே மிதித்தீர்கள், வளைவின் நடுவில் கண் எங்கே போனது, ஸ்டீயரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தீர்கள் என்பதெல்லாம் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குத்தான் தெரியும். கார்கள் நின்று கிளம்பும் ‘பிட்’ பகுதியின் சுவரருகே நிற்பவருக்கு உங்கள் ஹெல்மெட் மட்டுமே தெரியும். போதாக்குறைக்கு, உள்நாட்டுப் போட்டிகளில் ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா போன்ற கார்களில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. ரோட்டுப் பழக்கத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். டயரில் ஓரிடம் மட்டும் தேய்ந்து தட்டையாகும். பிறகு அந்த டயர் தடதடவென்றே ஓடும். மாருதி இன்ஜினை வைத்து உள்நாட்டிலேயே ஒற்றை இருக்கைக் கார் கட்டிய கோவை கரிவர்தனால்தான் இந்த விளையாட்டு நம்மவர்களுக்கு எட்டியது. அந்தக் கார்களின் மேல் குறை சொல்லவில்லை. அவை இரண்டாம், மூன்றாம் பயிற்சிக்கு உரியவை. முதல் நாளுக்கு ஏ.பி.எஸ். உள்ள சாதாரண ஹேட்ச்பேக் போதும், பக்கத்தில் ஆசிரியரோடு.

அடுத்து, நிமிடக் கணக்கு. காலை 9 முதல் மாலை 5 வரை பயிற்சி என்றால் வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டரை மணி நேரம் போய்விடும். மிச்சம் 330 நிமிடம். 30 பேருக்கு 2 கார் என்றால் ஆளுக்கு 22 நிமிடம். சென்னையை அடுத்து பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் நீளம் 3.717 கி.மீ. சராசரி 85 கி.மீ. வேகத்தில் ஓட்டும் புதியவருக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் 37 விநாடி ஆகும். ஆக மொத்தம் எட்டுச் சுற்று. அதை இரண்டு தடவையாகப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு தடவையும் டயரைச் சூடேற்றும் முதல் சுற்றும் பிரேக்கை ஆறவிடும் கடைசிச் சுற்றும் கழிந்து, கற்றுக்கொள்ள மிஞ்சுவது நான்கே சுற்று. ஆள் மாறும் நேரத்தை இன்னும் கழிக்கவே இல்லை. அதே நாளில் 24 பேருக்கு 4 கார் என்றால் ஆளுக்கு 55 நிமிடம். எனவே ‘எத்தனை பேர், எத்தனை கார், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்டீயரிங் கையில் இருக்கும் நேரம் 45 நிமிடத்துக்குக் குறைந்தால் அது பயிற்சி அல்ல, சவாரி. அந்த நேரத்தையும் 15, 20 நிமிடத் துண்டுகளாகத் தர வேண்டும். அதற்கு மேல் புதியவரின் கவனம் நிற்காது.

பாடம் எந்த வரிசையில் வருகிறது என்பதைப் பார்த்தாலே பள்ளியின் தரம் தெரியும். முதலில் உட்காரும் விதம்: தோள் சீட்டை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும், பிரேக்கை முழுக்க மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். அடுத்து நேர்கோட்டில் முழு பிரேக். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலடியில் படபடக்கும். பாதிப்பேர் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். அந்தப் பயத்தை டிராக்குக்குப் போவதற்கு முன் திறந்த வெளியிலேயே போக்கியாக வேண்டும். பிறகு கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓட்டுவது, திடீர்த் தடையைத் தவிர்ப்பது, முடிந்தால் ஈரத்தளத்தில் சறுக்கல் பயிற்சி. இத்தனைக்கும் பிறகே டிராக். அங்கும் முதலில் ஆசிரியரின் கார் முன்னே போக, நீங்கள் பின்தொடர வேண்டும். முதல் நாளே ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுத்து, வேகமான சுற்றுக்குப் பரிசு என்று அறிவிக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

வளைவில் புதியவர்கள் செய்யும் தப்பு பெரும்பாலும் ஒன்றேதான்: அவசரப்பட்டு முன்கூட்டியே திரும்புவது. திரும்பினால் உள் ஓரத்தை, அதாவது அபெக்ஸை, சீக்கிரமே தொட்டுவிடுவார்கள். அப்புறம் வெளியேறும் இடத்தில் ரோடு தீர்ந்துபோகும். பதறி ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுப்பார்கள். எடை முன்பக்கம் சாயும், பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும், கார் சுழன்றுவிடும். ‘ஸ்பின் ஆனது வெளியேறும் இடத்தில்’ என்று நினைத்துக்கொள்வார்கள். தப்பு நடந்ததோ திரும்பிய இடத்தில். அதனால்தான் நல்ல ஆசிரியர் அபெக்ஸைத் தள்ளி வைத்துச் சொல்லித் தருவார். நேரம் கொஞ்சம் கூடினாலும் வெளியேறும்போது ரோடு மிச்சம் இருக்கும். நம் ஹேட்ச்பேக்குகள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. வேகம் கூடிப்போனால் மூக்கு வெளியே தள்ளும். அப்போது ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பத்தான் கை போகும். திருப்பத் திருப்ப டயர் மேலும் சறுக்கும். ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தளர்த்தி, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால் பிடிமானம் திரும்பும். இதைக் காதால் கேட்டுப் பயனில்லை, பக்கத்தில் ஒருவர் இருந்து பத்துத் தடவை செய்யவைக்க வேண்டும்.

எந்த டிராக்? கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. மட்டுமே. நேர்பாதை குறுகியது, வேகம் கையை மீறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அதே வளைவு சீக்கிரம் திரும்ப வருவதால், செய்த தப்பு மறப்பதற்குள் திருத்திக்கொள்ளலாம். முதல் பயிற்சிக்கு எங்கள் வாக்கு அதற்கே. 1990 முதல் இயங்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக் அடுத்த படி. அங்கே நீண்ட நேர்பாதை முடியும் இடத்தில் வரும் சி1 என்ற முதல் வளைவை வேகமாகவே எடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் புதியவருக்குத் துணிச்சல் தேவையில்லை, சீக்கிரம் பிரேக் பிடிக்கும் அடக்கம்தான் தேவை. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட் 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் நடந்த இடம், 5 கி.மீ.க்கு மேல் நீளம், நேர்பாதை மட்டும் ஒரு கி.மீ.க்கும் அதிகம். பெயருக்காக முதல் தடவையே அங்கே போவது வீண். மணிக்கு 120 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 160-லிருந்து நிறுத்தும்போது பிரேக் 1.8 மடங்கு வெப்பத்தை வாங்க வேண்டும். ரோட்டுக் காரின் பிரேக் சில சுற்றுகளிலேயே சோர்ந்துவிடும்.

எந்த டிராக்கானாலும் நேரில் போய்ப் பாருங்கள். வளைவின் வெளிப்புறம் கார் ஓடி அடங்க இடம் இருக்கிறதா, டயர்ச் சுவர் கட்டப்பட்டிருக்கிறதா, கொடி காட்டும் மார்ஷல் ஒருவர் நிற்கும் இடம் அடுத்தவருக்குத் தெரிகிறதா, ஆம்புலன்ஸ் உள்ளேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். ஆம்புலன்ஸ் காயம்பட்டவரை ஏற்றிக்கொண்டு போனால் அது திரும்பும்வரை யாரும் ஓட்டக்கூடாது. ‘அப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள், பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். பைக்கையும் காரையும் ஒரே நேரத்தில் விடும் இடம் வேண்டவே வேண்டாம். கொடிப் பாடத்தைத் தள்ளிவிடும் பள்ளியும் வேண்டாம்: மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும், நீலம் என்றால் பின்னால் வேகமான கார், மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தளம் வழுக்கும்.

சொந்தக் காரில் போக நினைப்பவர்கள் முதலில் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிக்கட்டும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. பள்ளியின் காரை ஓட்டினாலும், இடித்தால் யார் எவ்வளவு கட்டுவது, தடுப்புச் சுவர் சேதத்துக்கும் நீங்களா என்பதைக் கையெழுத்துக்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால், பள்ளி தரும் சான்றிதழை, இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தன் போட்டி உரிமத்துக்கு ஏற்குமா என்றும் கேளுங்கள்.

காரில் முக்கியம் பிரேக் ஆயில். டாட் 4 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 டிகிரி. கொதித்தால் குமிழி உண்டாகும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே அந்த வாரமே மாற்றிவிடுங்கள். பிரேக் பேட் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். இன்ஜின் ஆயில் மேல்கோட்டில், பெட்ரோல் அரை டேங்க்; கால் டேங்குக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் திக்கும். வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள்; முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் இன்னொரு தடவை பாருங்கள். தரைவிரிப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வெளியே எடுத்துவிடுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் உருண்ட பாட்டில் எந்த ஆசிரியரின் பேச்சையும் கேட்காது.

உடையில் பாலியெஸ்டர் வேண்டாம், தீயில் உருகி ஒட்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ போதும். ஹெல்மெட் பள்ளி தருவதானால் கார் பந்தய ஹெல்மெட்டுக்கான ஸ்னெல் எஸ்.ஏ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பைக் ஹெல்மெட்டின் உட்துணிக்குத் தீ தாங்கும் சோதனை இல்லை. சித்திரை வெயிலில் தேதி கொடுத்தால் வாங்காதீர்கள். தண்ணீர் வற்றிய உடம்புக்குப் பிரேக் பிடிக்க வேண்டிய இடம் கண்ணில் பட்டாலும் கால் தாமதமாகத்தான் போகும்.

ஓட்டம் முடிந்து பேடாக்கில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். பின்பிரேக் டிஸ்க் வகையானால், சூட்டில் பேட் அதோடு ஒட்டித் தடம் பதியும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பதினைந்து நிமிட ஓட்டத்தில் டயர் காற்று 5, 6 பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும், சூட்டோடு இறக்கிவிடுவது வழக்கம். டயர் ஆறியதும் அதுவே குறைவாகிவிடும். மாலையில் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மறுபடி காற்று நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்