பழைய கேமராவைக் கொடுக்கும் முன் அரை மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பரணிலிருந்து இறங்கும் பிலிம் கேமராக்களை எடைக்குப் போடாமல், புகைப்படம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கொடுக்க இப்போது பலர் முன்வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இருந்த நிலையிலேயே தூக்கிக் கொடுத்துவிட்டால், வாங்கியவர் 36 படமும் எடுத்து, ரோலைக் கழுவிய பிறகுதான் ஷட்டர் (பிலிம் மீது வெளிச்சம் விழத் திறந்து மூடும் திரை) திறக்கவே இல்லை என்பது தெரியவரும். பிலிமும் போய், ஆசையும் போய்விடும். கொடுப்பவர் அரை மணி நேரம் ஒதுக்கினால் இதைத் தவிர்க்கலாம்.

எடுத்த எடுப்பில் பின்கதவைத் திறக்காதீர்கள். பிலிமை உறைக்குள் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றினால் உள்ளே ஒன்றுமில்லை. இறுக்கிப் பிடித்தால் பிலிம் இருக்கிறது. அடியில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டு, பிடி தளரும்வரை சுற்றி எடுங்கள். பல ஆண்டுகள் கழிந்த ரோலிலும் படம் தேறுவது உண்டு. கறுப்பு வெள்ளை என்றால் இன்னும் நம்பிக்கை வைக்கலாம்.

பேட்டரி அறையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. பஞ்சுக் குச்சியில் வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். 1960, 70களில் வந்த பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பெரும்பாலும் அதைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டுபோகும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் என்பதால் அது ஒத்துப்போகும். அளவில் சிறியது, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைக்க வேண்டும். ஸ்டிக்கரை உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கிளிக் ஆகவில்லை என்பதற்காகக் கேமரா போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 1976இல் வந்த கேனான் ஏஇ-1, 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் அசையாது. அதே ஆண்டில் வந்த பென்டாக்ஸ் கே1000க்கு மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி தேவை. முதன்முதலாகக் கற்பவருக்கு இந்த இரண்டாவது வகைதான் ஏற்றது.

ஷட்டரைச் சோதிக்க, லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து வைத்து, வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு வேகத்திலும் அழுத்துங்கள். 1 நொடியில் இழுத்து இழுத்து ஓடினாலோ பாதியில் நின்றாலோ உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது என்று பொருள். 1/1000 நொடியில் படச் சட்டத்தின் ஒரு ஓரம் இருட்டாகத் தெரிந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடவில்லை. இதற்கு மருந்தாக ஸ்ப்ரே எண்ணெய் அடிப்பதுதான் மிகப் பெரிய கேடு. அது ஷட்டர் தகட்டிலும் லென்ஸிலும் பரவி, பழுது பார்க்கக்கூடிய கேமராவையும் உதிரிபாகமாக்கிவிடும். பிளாஷ் உள்ள சிறிய கேமராக்களை ஸ்க்ரூ டிரைவரால் திறக்கவே வேண்டாம். உள்ளே மின்சாரத்தைச் சேமிக்கும் கபாசிட்டரில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கும்.

நன்றாக ஓடும் கேமராவிலும் படத்தைக் கெடுப்பது, வெளிச்சம் புகாமல் தடுக்கப் பின்கதவின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச். நாளாக ஆக அது தார் போல் பிசுபிசுத்து உதிரும், வெளிச்சம் கசிந்து கலர் படத்தில் ஆரஞ்சுக் கோடு விழும். மூங்கில் பல்குச்சியில் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டி எடுக்கலாம். துகள் விழாதபடி ஷட்டரை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் கறுப்பு ஸ்பாஞ்சை ஒட்டலாம். அவசரத்துக்குக் கறுப்புக் கம்பளி நூலே போதும். உள்ளே, நாம் கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்குக் காட்சியைத் திருப்பும் கண்ணாடி கிளிக் ஆகும்போது மேலெழுந்து மோதும் இடத்திலும் இதே ஸ்பாஞ்ச் இருக்கும். அங்கே கவனம் தேவை: கண்ணாடியின் பூச்சு மேற்பரப்பிலேயே இருப்பதால் விரல் பட்டாலே கீறும், அதற்கு மேலே காட்சி விழும் பிளாஸ்டிக் திரையை ஆல்கஹால் அரித்துவிடும்.

லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்தால், சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இழைகள் தெரியும். அதை வளர்ப்பது ஈரம். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் கேமராவை அதற்குள் பூட்டி வைப்பது பாதுகாப்பல்ல. சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். ஆரம்பத்திலேயே கவனித்தால் துடைத்துவிடலாம், பூச்சை அரித்த தடம் போகாது.

கேமராவின் உடல் பழுதானாலும் லென்ஸை எறிந்துவிடாதீர்கள், டிஜிட்டல் கேமராவில் மாட்டலாம். எம்42 என்ற திருகு வகைப் பழைய லென்ஸ்கள் பிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். சோனி டிஜிட்டல் கேமராக்களின் ஈ மவுண்டில் (லென்ஸ் பொருத்தும் வாய்) அந்தத் தூரம் வெறும் 18 மில்லிமீட்டர். இடைவெளியை நிரப்ப, உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத வெற்று அடாப்டர் வளையமே போதும், தொலைதூரக் காட்சியும் கூர்மையாக விழும். கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்கு’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பல மாடல்கள் கிளிக் ஆகாது.

கொடுக்கும்போது கேமராவோடு ஒரு சீட்டு இணையுங்கள். எந்தெந்த வேகம் சரியாக ஓடுகிறது, மீட்டர் இயங்குகிறதா, என்ன பேட்டரி, ஸ்பாஞ்ச் மாற்றியாயிற்றா, லென்ஸில் பூஞ்சை உண்டா என்று எழுதினால் போதும். ஓடாததை ‘ஓடவில்லை’ என்றே எழுதுங்கள். பழுது பார்ப்பவருக்கு அதுவும் வேண்டும். புதிய உதிரிபாகம் வராத மாடல்களுக்கு இன்னொரு கேமராவிலிருந்துதான் பல்சக்கரம் கிடைக்கிறது.

இப்படிக்கு,
கேமரா பழுதுபார்க்கும் வாசகர்