விலை குறைந்த எமல்ஷன் பக்கெட்டில் இரண்டு எண்கள் போடுங்கள்: பெயிண்ட் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெயிண்ட் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

தூத்துக்குடியில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பலருடைய சரக்கு என் கடையில் இருக்கிறது. கலர் கலக்கும் மெஷினும் உங்களில் ஒருவர் வைத்ததுதான். அதனால் இதில் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. உங்கள் விலைப்பட்டியலில் அடியில் கிடக்கும் சரக்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கும் பெயிண்டுக்கு எமல்ஷன் என்று பெயர், அதில் விலை குறைந்ததற்கு நீங்கள் எகானமி எமல்ஷன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வாங்க வருகிறவர்கள் அப்படிக் கேட்பதில்லை. "அண்ணாச்சி, இருக்கதுலயே வெல கம்மியா ஒரு பக்கெட்டு தாங்க" என்பார்கள்.

மாதா கோவில் திருவிழாவுக்கு முன்னால் ஜூலையிலும், கிறிஸ்துமஸ், பொங்கலுக்கு முன்னால் டிசம்பரிலும் இந்தக் குரலைத்தான் நாள் முழுக்கக் கேட்கிறேன். உப்பளத்தில் வேலை பார்ப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், தொகுப்பு வீட்டை இப்போதுதான் பூசி முடித்தவர் எல்லாரும் வருவார்கள். கையில் இருக்கும் பணம் எண்ணி வைத்த பணம். ஒரே விலையில் நாலு கம்பெனி பக்கெட்டை எடுத்து வைத்தால், "இதுல எது நல்லது?" என்று அடுத்த கேள்வி வரும். முப்பது ரூபாய் வித்தியாசம் இருந்தால், "இந்த முப்பது ரூவாய்க்கு என்ன கூடுதல்?" என்பார்கள். நியாயமான கேள்வி. பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு நடிகரின் படம், சிரிக்கும் குடும்பம், 'ரிச் ஃபினிஷ்', 'ஸ்மூத்', 'பிரைட்' என்று நாலு சொல். கேட்டவருக்குப் பதில் சொல்ல ஒரு எண் கிடையாது.

சீலிங் ஃபேன் வாங்கினால் கரண்ட் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஸ்டார் பார்க்கலாம். 2023 ஜனவரியிலிருந்து ஸ்டார் ஒட்டாமல் ஃபேன் விற்கக்கூடாது. சுவருக்கு அடிக்கிற பெயிண்டில் அப்படி எதுவும் இல்லை. அதில் அளக்க ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. அது உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஐரோப்பாவில் ஈஎன் 13300 என்று ஒரு தரநிலை. சுவர் பெயிண்டை அதில் இரண்டு விதமாகச் சோதிக்கிறார்கள். முதலாவது, காய்ந்த பெயிண்டை ஈரத்தோடு 200 தடவை தேய்த்து, எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கரைகிறது என்று பார்ப்பது. 5 மைக்ரானுக்குள் நின்றால் முதல் வகுப்பு, 20 வரை இரண்டாவது, 70 வரை மூன்றாவது. 200 தடவை தாங்காத சரக்கை 40 தடவை தேய்த்து நாலு, ஐந்து என்று பிரிக்கிறார்கள். இரண்டாவது, கறுப்பு வெள்ளை அட்டையில் அடித்து எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பது. 99.5 சதவீதம் மறைத்தால் முதல் வகுப்பு, 98க்கு மேல் இரண்டாவது, 95க்கு மேல் மூன்றாவது, அதற்கும் கீழே நாலாவது. ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும்போது அந்த மறைப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜெர்மனியில் இந்த இரண்டு வகுப்பையும் பக்கெட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள். உங்களில் சிலருக்கு ஐரோப்பாவிலும் வியாபாரம் உண்டு. இந்த எண்கள் உங்கள் சோதனைக்கூடத்தில் இல்லாமலா இருக்கும்?

இது ஏன் விலை குறைந்த சரக்குக்குத்தான் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். விலை கூடிய எமல்ஷன்களுக்குள் வித்தியாசம் குறைவு. எதை வாங்கினாலும் ஓரளவு உழைக்கும். கீழ்த்தட்டில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எமல்ஷனில் விலை கூடிய பொருள் இரண்டு: மறைப்பைத் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு, எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் அக்ரிலிக் பசை. (டைட்டானியத்துக்கு மூலமான இல்மனைட் எங்கள் தென்கடற்கரை மணலிலேயே கிடக்கிறது என்பது வேறு கதை.) விலையைக் குறைக்க வேண்டுமானால் இந்த இரண்டையும் குறைத்து, சுண்ணாம்புக்கல் பவுடர், சீனாக்களி, டால்க் என்று நிரப்புகிறீர்கள். அதைத் தப்பென்று சொல்லவில்லை. எவ்வளவு நிரப்பியிருக்கிறீர்கள் என்பதை வெளியே காட்டுங்கள் என்கிறேன்.

பசை குறைந்து பவுடர் கூடினால், காய்ந்த பிறகு துகளுக்குத் துகள் இடைவெளி விழுகிறது. அங்கே காற்று புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் காற்றுதான் வெளிச்சத்தைச் சிதறடித்துச் சுவரை வெள்ளையாகக் காட்டுகிறது. அடிக்கும்போது பழைய சுவர் அப்படியே தெரியும், "என்ன அண்ணாச்சி, தண்ணியா இருக்கு" என்று போன் வரும். காய்ந்ததும் பளிச்சென்று மூடிவிடும், போன் நின்றுவிடும். அந்த வெள்ளை எத்தனை நாளைக்கு என்று அறிய வேண்டுமானால் கட்டில் தலைமாட்டுச் சுவரைப் பாருங்கள். தலை எண்ணெய் பட்ட இடத்தில் இடைவெளியெல்லாம் எண்ணெய் நிரம்பி, கண்ணாடித்தாளை ஒட்டினது மாதிரி அடியில் உள்ள பழைய கலர் தெரிய ஆரம்பிக்கும். அதைத் துடைக்கலாம் என்று ஈரத்துணி வைத்தால் துணியோடு சுவரும் வரும். இதற்குப் பயந்துதான் பல வீடுகளில் சுவரில் கை வைத்தாலே பிள்ளைகளுக்கு அடி விழுகிறது.

என் கடையில் ஒரு சிமென்ட் ஷீட் துண்டு வைத்திருக்கிறேன். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அதன் மேல் நாலு பட்டையாக நாலு விலைச் சரக்கு, ஒவ்வொன்றும் ரெண்டு கோட்டு (ரெண்டு தடவைப் பூச்சு), பேர் எதுவும் எழுதவில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு ஸ்பாஞ்ச். யாராவது எது நல்லது என்று கேட்டால் ஸ்பாஞ்சைக் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்வேன். போன டிசம்பரில் மீன் விற்கும் ஒரு அக்கா வந்தார்கள். முதல் பட்டையைத் தேய்த்தார்கள், கிண்ணத்துத் தண்ணீர் பால் மாதிரி ஆனது. அடுத்த பட்டை கொஞ்சம் கலங்கியது. மூன்றாவது அசையவில்லை. விலையைக் கேட்டார்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் லிட்டருக்குச் சில ரூபாய்தான் வித்தியாசம். "இத டப்பாலயே எழுதி ஒட்டிருந்தா நான் எதுக்கு இங்க நின்னு தேய்க்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உங்களிடம் நான் கேட்பதும் அதைத்தான்.

இதில் பணக்கணக்கும் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்து. நாலு சுவரும் 400 சதுரடி, கதவு ஜன்னல் போக 365 என்று வையுங்கள். லிட்டர் 190 ரூபாய் சரக்கு ரெண்டு கோட்டுக்கு 80 சதுரடி வந்தால், நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆகும், செலவு சுமார் 870 ரூபாய். லிட்டர் 110 ரூபாய் சரக்கு சரியாக மறைக்காமல் மூன்றாம் கோட்டு கேட்டு, லிட்டருக்கு 45 சதுரடிதான் வந்தால், எட்டு லிட்டருக்கு மேல் போய்விடும், செலவு சுமார் 890. விலைகளை உதாரணத்துக்குத்தான் வைத்தேன், ஆனால் கணக்கு ஓடுகிற விதம் இதுதான். மூன்றாம் கோட்டுக்கு ஆகும் கூலியை இன்னும் சேர்க்கவே இல்லை. எங்கள் பக்கம் பெயிண்டர் கூலி நாளுக்கு ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. வீட்டுக்காரர் பெயிண்டில் மிச்சம் பிடித்ததாக நினைத்துக் கூலியில் கட்டுகிறார்.

பக்கெட்டில் நீங்கள் போடும் 'இத்தனை சதுரடி வரும்' என்பது வழுவழுப்பான, உறிஞ்சாத பரப்புக்கான அளவு. கீழேயே பொடி எழுத்தில் 'பரப்பைப் பொறுத்து மாறும்' என்றும் போட்டுவிடுகிறீர்கள். சொரசொரப்பாகப் பூசி, பட்டி பார்க்காமல், பிரைமரோடு நிறுத்திய சுவர்தான் இந்தச் சரக்குக்கு வாடிக்கையான சுவர். அதற்கு எவ்வளவு வரும் என்று ஒரு எண் போட்டால் என்ன? தண்ணீர் விஷயமும் அப்படியே. சில பக்கெட்டில் லிட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் விடலாம் என்றிருக்கிறது. அவ்வளவு விட்டால் எத்தனை கோட்டு அடிக்க வேண்டும் என்பதில்லை. இன்னொன்று, வெள்ளை 10 லிட்டர், 20 லிட்டர் என்று வரும். மெஷினில் கலர் கலக்க எடுக்கும் பெயிண்டுக்கு பேஸ் என்று பெயர், கலர் சேர்க்க இடம் வேண்டும் என்பதால் அது 9, 18. இரண்டு பக்கெட்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றோ இரண்டோ லிட்டர் குறைவு என்று பில் போடும்போது நான் சொன்னால்தான் தெரிகிறது.

டோக்கனைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் நான் பூசி மெழுகியவனாகிவிடுவேன். பக்கெட்டுக்குள் பெயிண்டருக்குக் காசாகும் டோக்கன் வைக்கிறீர்கள். முன்பு பிளாஸ்டிக் வில்லை, இப்போது போனில் ஸ்கேன் பண்ணும் க்யூஆர் கோட். பெயிண்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாரத்தில் வெயிலில் நிற்கிறவருக்கு அந்தப் பணம் பெரிய விஷயம். ஆனால் எந்தச் சுவருக்கு எந்தப் பெயிண்ட் என்பதை டோக்கன் தொகை முடிவு செய்யும்போது, வீட்டுக்காரர் தன் பணத்தில் வேறொருவருக்குப் பரிசு வாங்கிக் கொடுக்கிறார், அதுவும் அவருக்குத் தெரியாமல். டோக்கனை எடுங்கள் என்று கேட்டால் நடக்காது, தெரியும். பக்கெட்டில் எண் இருந்தால் வீட்டுக்காரருக்கும் பேச ஒரு பிடி கிடைக்கும். பெயிண்டர் சொன்னதை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பர் மழையை நீங்கள் விற்பனைக் கணக்கில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடிக்குள் இடுப்பளவு தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. நாலே வாரத்தில் பொங்கல். வெள்ளம் வந்த வீட்டில் கறையோடு பொங்கல் வைக்க யாருக்கு மனசு வரும்? கடையில் விலை குறைந்த எமல்ஷன் அப்படி ஓடிய வருஷம் வேறில்லை. "செவுரு காயட்டும், ரெண்டு மாசம் போகட்டும்" என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. மேலே காய்ந்தது போல இருந்த சுவர், செங்கலுக்குள் உப்புத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. அடுத்த கோடையில் உப்பு பூத்துப் பெயிண்ட் அப்பளமாக எழும்பியது. பழைய சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டாமல் அடித்த வீடுகளில் சுண்ணாம்போடு சேர்ந்து பாளம் பாளமாகவே வந்தது. ஈரச்சுவரில் அடிக்காதே என்பது உங்கள் பக்கெட்டிலும் இருக்கிறது, ஆங்கிலத்தில், கைப்பிடிக்குக் கீழே, எறும்பு ஊர்கிற அளவில். நடிகர் படத்தை ஒரு அங்குலம் குறைத்தால் அந்த இடத்தில் தமிழில் எழுதலாம்: ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ராத்திரி முழுக்க ஒட்டி வை, காலையில் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அடிக்காதே. இதற்குப் படித்தவர் வேண்டாம், மெஷின் வேண்டாம்.

விலை குறைந்த எமல்ஷனே கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. சீலிங்கை யாரும் துடைக்கப் போவதில்லை, அங்கே அதுவே தாராளம். பரண், ஸ்டோர் ரூம், ஆள் மாறும்போது அடிக்கிற வாடகை வீடு, இங்கெல்லாம் நானே அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அடுப்படிக்கும் பிள்ளைகள் இருக்கிற அறைக்கும் அதைக் கேட்டால் கொஞ்சம் தயங்குவேன். கடும் மஞ்சள், சிவப்பு கேட்டால் இன்னும் தயங்குவேன், அவை நாலு கோட்டு அடித்தாலும் திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். ஒரு வகுப்பு எண் இருந்தால் இதையெல்லாம் நான் வாயால் சொல்ல வேண்டாம். தேய்ப்பில் ஐந்தாம் வகுப்பு என்றால் சீலிங்குக்கு, மூன்றாம் வகுப்பு என்றால் அறைச் சுவருக்கு என்று வாங்குகிறவரே எடுத்துக்கொள்வார்.

எண் போட்டால் விற்பனை குறையும் என்பீர்கள். ஈயத்துக்கும் இதே பேச்சு இருந்திருக்கும். 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது, அதைப் பக்கெட்டில் போடவும் வேண்டும் என்று விதி வந்தது. போட்டீர்கள். யாரும் கடையை மூடவில்லை. 2018இல் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆனபோது புது விலை ஸ்டிக்கர் ஒட்டவும் வழி இருந்தது. ஆகவே பக்கெட்டில் இடமில்லை என்ற பதிலை நான் ஏற்பதாக இல்லை.

எல்லாச் சரக்குக்கும் ஒரே நாளில் கேட்கவில்லை. உங்கள் பட்டியலில் விலை மிகக் குறைந்த மூன்று எமல்ஷனில் ஆரம்பியுங்கள். தேய்ப்பு வகுப்பு ஒன்று, மறைப்பு வகுப்பு ஒன்று, அந்த மறைப்புக்கு லிட்டருக்கு எத்தனை சதுரடி என்பது, இவ்வளவும் விலை அச்சடிக்கிற அதே அளவு எழுத்தில், தமிழில். முதலில் யார் போடுகிறாரோ அவர் பக்கெட்டைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்குகிறேன், டீலர் ஸ்கீம் எதுவும் கேட்காமல். பொங்கல் சரக்குக்கு அக்டோபர் கடைசியில் ஆர்டர் போடுவேன். உங்கள் சேல்ஸ் ஆபீசர் அதற்குள் டார்கெட் பேச வருவார். அவரிடமே பதிலைக் கொடுத்தனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஒரு பெயிண்ட் கடைக்காரன்