பதக்கம் வென்றவரிடம் பிறந்த ஊரைக் கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர், மேசைப்பந்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கங்கள் எல்லாம் சீனாவிலிருந்து ஆட்களை அழைத்து வந்து காசு கொடுத்து வாங்கியவை என்றும், இங்கேயே பிறந்தவர்கள் வெல்லும்வரை கொண்டாட ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தார். காப்பிக் கடையில் இந்தப் பேச்சைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். அச்சில் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 1960ல் ரோமில் கிடைத்தது. பளுதூக்குதலில் வெள்ளி வென்ற டான் ஹவ் லியாங்கை யாரும் வெளியாள் என்று சொன்னதில்லை. 2024 டிசம்பரில் அவர் மறைந்தபோது நம்மவர் என்றுதான் எல்லாரும் வருந்தினோம். அவரும் சீனாவில், சுவாத்தோவில் பிறந்து சிறு பிள்ளையாக இங்கு வந்தவர்தான். அடுத்த பதக்கத்துக்கு 48 ஆண்டுகள் காத்திருந்தோம். 2008ல் பெய்ஜிங்கில் மேசைப்பந்துப் பெண்கள் குழுப் போட்டியில் லி ஜியாவெய், ஃபெங் தியன்வெய், வாங் யுவெகு மூவரும் அரையிறுதியில் தென்கொரியாவை 3-2 என்று வீழ்த்தி, இறுதியில் சீனாவிடம் தோற்று வெள்ளியோடு வந்தார்கள். அவரைக் கொண்டாடலாம், இவர்களைக் கூடாது என்றால், எத்தனை வயதுக்குள் வந்து சேர்ந்தால் நம்மவர் என்பதை அந்த அன்பர்தான் சொல்ல வேண்டும்.

ஃபெங் தியன்வெய்க்குக் குடியுரிமை கிடைத்ததும் அதே 2008ல்தான். அது பலருக்கு உறுத்தியது, எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் ஒரு பதக்கத்தோடு கிளம்பிவிடவில்லையே. 2010ல் மாஸ்கோவில் உலகக் குழுப் போட்டியின் இறுதியில் அசைக்க முடியாத சீனாவை நம் பெண்கள் 3-1 என்று வென்றபோது அணியில் இருந்தார். 2012 லண்டனில் ஒற்றையர் வெண்கலம், குழு வெண்கலம் இரண்டிலும் அவர் பங்கு உண்டு. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டுகளின் ஒற்றையர் இறுதியில், நம் அணியின் ஸெங் ஜியானிடம் முதல் மூன்று செட்டையும் இழந்துவிட்டு, அடுத்த நான்கையும் வென்று தங்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 35. வாங்கி வந்த சரக்கு பதினான்கு வருடம் இப்படி உழைக்குமா?

ஓய்வு பெற்ற பிறகு சீனாவில் போய் வாழ்பவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நம் பிள்ளைகள் எத்தனை பேர் பெர்த்திலும் மெல்பர்னிலும் குடியேறியிருக்கிறார்கள்? அவர்கள் இங்கே செய்த வேலையை யாராவது அழித்துவிட்டோமா?

யூ மெங்யூவையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களாகக் காயங்களோடு போராடியவர், உலகத் தரவரிசையில் 47வது இடத்தில் இருந்துகொண்டு தோக்கியோ ஒலிம்பிக்கின் ஒற்றையர் அரையிறுதி வரை போனார். ரசிகர்கள் இல்லாத அந்த அரங்கில், காலிறுதியில் ஜப்பானின் இஷிகாவாவை அவருடைய சொந்த நாட்டிலேயே 4-1 என்று தோற்கடித்தார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இன்னொரு ஜப்பானியரான மிமா இட்டோவிடம் முதல் செட்டை வென்றும், கடைசியில் 1-4 என்று தோற்றார். பதக்கம் இல்லை. ஆனாலும் அந்த வாரம் எங்கள் புளோக்கில் வேறு பேச்சே இல்லை. அவர் எங்கே பிறந்தவர் என்று அன்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

ஒரு தமிழனாக இதில் எனக்குக் கூடுதலாக ஒரு வலி இருக்கிறது. அதே பர்மிங்ஹாமில் ஆண்கள் குழு இறுதியில் சிங்கப்பூரும் இந்தியாவும் மோதின. எதிரணியில் சரத் கமல், சத்தியன், இருவரும் சென்னைக்காரர்கள். நம்முடைய கிளாரன்ஸ் சியூ சரத் கமலைத் தோற்கடித்தபோது எங்கள் வீட்டில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். குழுவாக 1-3 என்று தோற்று வெள்ளிதான் கிடைத்தது, அது வேறு விஷயம். "நீங்கள் தமிழர்தானே, சென்னைக்காரருக்கு அல்லவா கைதட்ட வேண்டும்" என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். அதைச் சொல்லி என்னை ஓரத்தில் நிறுத்துவதும், ஹார்பினில் பிறந்தார் என்று ஃபெங்கை ஓரத்தில் நிறுத்துவதும் ஒன்றுதான்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் குறைகிறது என்ற கவலை நியாயமானது. ஆனால் 2008லேயே அனைத்துலக மேசைப்பந்துச் சம்மேளனம் விதியை இறுக்கிவிட்டது. அன்று வந்த விதிப்படி 21 வயதுக்குப் பிறகு நாடு மாறுகிறவர் உலக வெற்றியாளர் போட்டியில் ஆட முடியாது என்று ஆனது; அதற்குக் கீழே என்றாலும் வயதுக்கேற்ப மூன்று முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்புறம், இங்கே வளர்ந்த ஐசக் குவெக் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடும்போது அவருக்கு வயது 18. அதே போட்டியில் நம் பெண்கள் தரப்பில் ஆடியவர் சீனாவிலிருந்து வந்த ஸெங் ஜியான். 2028 லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்கள் குழு, பெண்கள் குழு என்ற தனிப் போட்டிகள் கிடையாது, கலப்புக் குழுப் போட்டிதான். நாம் தகுதி பெற்றால் இங்கே பிறந்தவரும் அங்கே பிறந்தவரும் ஒரே அணியாக இறங்க வேண்டிவரும். அப்போது யார் வென்ற புள்ளியை மட்டும் எண்ணுவது?

எங்கள் புளோக் கீழ்த்தளத்து மேசையில் சாயங்காலம் எப்போதும் கூட்டம்தான். வயதான சீன அங்கிள் ஒருவர் பக்கத்து வீட்டுப் பையனுக்கு சர்வீஸ் போடச் சொல்லிக் கொடுப்பார். உள்ளங்கையை நன்றாக விரிக்க வேண்டும், பந்து 16 சென்டிமீட்டராவது மேலே எழும்ப வேண்டும். பையன் விரல்களை மடக்கிப் பந்தைப் பிடிப்பான். அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவார். அந்தப் பையனுக்கு ஃபெங் என்றால் சிங்கப்பூர்க்காரர், அவ்வளவுதான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒலிம்பிக் செய்திகளில் நம் வீரர்களின் பெயருக்கு முன்னால் 'சீனாவில் பிறந்த' என்ற அடைமொழியைப் போடாதீர்கள். வாழ்க்கைக் குறிப்பில் எழுதுங்கள், தவறில்லை. தலைப்பில் சிங்கப்பூர் வீராங்கனை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஈசூன்